கரண்டு அடித்த பாட்டு

மெல்பேர்னில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கிரெக்குக்கு எழுபது வயதுக்கு மேல். மண்டையோட்டுப் படம் போட்ட கறுப்பு டீ-சர்ட்டும் வெள்ளைக் குடுமியுமாகக் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வருவார். போன வருடம் அவருடைய வாலிப காலத்து ராக் பாண்ட் ஒன்று இங்கே வந்தபோது, பேத்திக்கும் அதே டீ-சர்ட்டை மாட்டிவிட்டுக் கூட்டிப் போனார். மேடையில் இருந்தவர்களுக்கு அவரைவிட வயது அதிகமாம். பேத்தி தொண்டை கட்டும்வரை கத்தினாளாம். எங்கள் ஊரான கண்டியில் அந்த வயதில் ஒருவர் அப்படி உடுத்தினால் பிள்ளைகள் முதலில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, கூடிவிட்டதா என்று சோதிப்பார்கள், பிறகு கோயிலுக்கு நேர்த்தி வைப்பார்கள்.

நானும் ஒரு காலத்தில் ராக் பாண்டில் ஆர்கன் வாசித்தவள் என்று கிரெக்கிடம் சொன்னேன். பெயர் கேட்டார். "லயன் பாய்ஸ்" என்றேன். இரண்டு கைகளையும் நகம்போல மடக்கி உறுமிக் காட்டினார். அது சிங்கம் இல்லை, நாங்கள் லயம் என்றும் சொல்லும் தேயிலைத் தோட்டத்து லயன், தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு என்று விளக்கினேன். "ஓ, டவுன்ஹவுஸ்!" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கண்டியில் எங்கள் முதல் போஸ்டரை அடித்துத் தந்தவரும் பெரிய சிங்கத் தலையைத்தான் போட்டிருந்தார். தமிழ்ப் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்த கெட்ட காலம் அது. சிங்களவரின் கொடிச் சின்னமான சிங்கத்தைப் பார்த்தவர்கள் எங்களைச் சிங்களப் பிள்ளைகள் என்று நினைத்துக் கலியாணங்களுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். நாங்களும் திருத்தப் போகவில்லை. பாய்ஸ் நடுவில் பாவாடை தாவணியோடு நான் எப்படி வந்தேன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்த பாண்டில் இன்று மிச்சம் மூன்று பேர். ஹந்தானைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கண்டியில் கிளார்க் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பாடகர் சிவா அண்ணன். டிரம்ஸ் அடித்த, இப்போது ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் ஃபாரூக் நாநா; எங்கள் ஊர் முஸ்லிம்களுக்கு நாநா என்றால் அண்ணன். அப்புறம் நான். ஒருநாள் எனக்கு ஒரு போன் வந்தது. தர்ஷினி என்ற யாழ்ப்பாணத்துப் பெண், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாளாம்.

"அன்ரி, உங்கட 'ரயில் போச்சு' பாட்டு இஞ்ச பெடியளுக்குச் சரியான விருப்பம். வந்து வாசிப்பீங்களோ?"

"இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கா? நெசமாவா?"

"ஓம் அன்ரி. எல்லாற்ற போனிலயும் இருக்கு."

போனை வைத்த கையோடு டிக்கெட் போட்டேன். கிரெக்கிடம் போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். கண்டியில் சிவா அண்ணன் முடிக்குச் சாயம் பூசினார். கை பழக வேண்டும் என்று ஃபாரூக் நாநா கடையிலிருந்த பெயின்ட் வாளிகளை எல்லாம் கவிழ்த்துப்போட்டு அடித்ததில், வாங்க வந்தவர்கள் ஓடினார்கள்.

பேராதனையில் தர்ஷினி போனைக் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. யாரோ எங்கள் பழைய கசெட்டை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து பிள்ளைகள் வெட்டி எடுத்தது பாட்டை அல்ல, நடுவில் சிவா அண்ணன் போட்ட ஒரே ஒரு அலறலை. மதிலிலிருந்து பூனை விழுகிறது, அந்த அலறல். சேற்றில் பைக் சறுக்குகிறது, அந்த அலறல். பரீட்சை முடிவு வருகிறது, அதற்கும் அதேதான்.

அந்த அலறல் பிறந்த இடம் நாவலப்பிட்டி. மழை பெய்து ஒழுகிய மண்டபம், தோல் உரிந்த மைக் வயர், வெறுங்காலோடு சிவா அண்ணன். கரண்டு அடித்தது. அவர் அலறினார். ஏதோ புது ஸ்டைல் என்று நினைத்த ஃபாரூக் நாநா உற்சாகமாக உருட்டி அடித்தார். கூட்டம் எழுந்து ஆடியது. நானும்தான் வாசித்துக்கொண்டே இருந்தேன்.

சிவா அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "உசிரக் குடுத்து எத்தன பாட்டு எழுதினேன்! இவங்களுக்கு நான் சாகப் பாத்ததுதான் வேணுமா?"

"மவுத்தாகல்லதானே சிவா," என்றார் ஃபாரூக் நாநா. "வந்த புள்ளைகளுக்கு ஒருக்காக் கத்திட்டுப் போங்களேன்."

மத்தியானம் மண்டபம் நிறைந்துவிட்டது. 'ரயில் போச்சு' தொடங்கியதும் அத்தனை போன்களும் உயர்ந்தன. அந்த இடம் வந்தது. சிவா அண்ணன் கண்ணை மூடிக் கத்தினார். குக்கர் விசில் பாதியில் நின்றது போலிருந்தது. ஆனால் மண்டபம் அதிர்ந்தது.

பாட்டு முடிந்ததும் அவர் மைக்கைப் பிடித்து, "அது பாட்டு இல்ல புள்ளைங்களா. கரண்டு அடிச்சது," என்றார்.

விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னொரு தரம் கேட்டார்கள். கத்தினார். மறுபடியும் கேட்டார்கள்.

"போதும். இனி எனக்காக ஒண்ணு பாடுறேன்," என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியும். அவருடைய அக்காவைப் பற்றியது. தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய காலத்தில், புருஷன் வீட்டாருக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்ததால் தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர். தாயும் தம்பி சிவா அண்ணனும் ஹந்தானையிலேயே நின்றுவிட்டார்கள். பிறகு அவர்கள் சந்திக்கவே இல்லை. எங்கள் பாட்டுகளில் ஆக மெதுவானது அதுதான். இரண்டாவது வரி முடிவதற்குள் மண்டபம் கன்டீன் பக்கம் நகரத் தொடங்கியது. கோபத்தில் என் விரல்கள் தப்பான கட்டைகளில் விழுந்தன. சிவா அண்ணன் காலியான கதிரைகளைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை பாடினார்.

முடிந்தபோது முன்வரிசையில் கொஞ்சப் பேர் எழுந்து போகாமல் இருந்தார்கள். தோட்டப்பக்கத்துப் பிள்ளை ஒருத்தி மேடைக்கே வந்துவிட்டாள். "அங்கிள், எங்க பெரியப்பா குடும்பமும் அப்பிடித்தான் போனாங்க. வீட்டுல யாரும் அதப் பத்திப் பேசவே மாட்டாங்க. அந்தக் கடைசி வரிய மறுபடி சொல்லுங்களேன்." அவர் சொன்னார். அவள் வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். சிவா அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

ஃபாரூக் நாநாவின் வேனில் ஹந்தானைக்கு ஏறும்போது நான் இன்னும் புகைந்துகொண்டிருந்தேன். "கடைசியில எத்தன பேரு நின்னாங்க?" என்று கேட்டார் சிவா அண்ணன்.

"பத்துப் பேரு இருக்கும்ணே."

"நாவலப்பிட்டியில அந்தப் பாட்டுக்கு ஒருத்தர்கூட நிக்கல தங்கச்சி. கூட்டம் கூடியிருக்கு!"

மூவரும் சிரித்தோம். வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினோம். கடைக்காரப் பையன் அவர்கள் இருவருக்கும் கிளாஸில் தேத்தண்ணி வைத்தான். எனக்கு மட்டும் பூப்போட்ட கோப்பை, அதற்கு அடியில் பீரிஸ் தட்டு, சீனி தனியாக. "தம்பி, நானும் ஹந்தானதான்," என்றேன்.

"யெஸ் மேடம், ஹந்தானை, வெரி பியூட்டிஃபுல் வியூ," என்றான் அவன், மலையைக் கையால் காட்டி.

நான் திரும்பி அந்த வியூவைப் பார்த்தேன். நான் பிறந்த லயம் அதில் தகரக் கூரையோடு தெரிந்தது. சீனியை முழுவதும் கொட்டிக் கலக்கி, லயத்தில் குடித்த மாதிரியே தேத்தண்ணியைப் பீரிசில் ஊற்றி, உறிஞ்சும் சத்தம் அவனுக்கும் கேட்கும்படி குடித்தேன்.