பெட்டிக்குள் பேண்டு பார்த்த மைதீன் அண்ணாச்சி

குத்துக்கல்வலசையில் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் பேண்டு முழங்கிக்கொண்டிருந்தது. கிளாரினெட்டில் நான் ஒரு சரணத்தை எடுத்திருந்த நேரம், மைதீன் அண்ணாச்சியின் மருமகன் சைக்கிளில் வந்திறங்கிப் பந்தல்காலைப் பிடித்தபடி நின்றார். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பாட்டு முடியும்வரை அவரும் வாய் திறக்கவில்லை, நானும் நிறுத்தவில்லை. பேண்டைப் பாதியில் நிறுத்துவது அவருடைய மாமனாருக்குப் பிடிக்காது என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"மாமா போயிட்டாவ. தொழுதுட்டு வந்து படுத்தாவ, எந்திரிக்கல" என்றார் பிறகு.

தென்காசியில் 'பெட்டி மைதீன்' என்றால்தான் அவரைப் பலருக்கும் தெரியும். அந்தப் பட்டப்பெயரைக் கேலி என்று நினைக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அண்ணாச்சி தறி நெய்தவர். எங்கள் பேண்டின் முதல் ரசிகர். எந்த வாத்தியமும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. தாளம் போட்டால் எங்கள் டிரம்காரருக்கே தாளம் தப்பிவிடும், அத்தனை சுத்தம்! ஆனால் ஊர்வலம் எங்கே என்றாலும் வந்துவிடுவார். வந்தால் எல்லாரையும் போலப் பின்னால் நடக்க மாட்டார். எங்களுக்கு முன்னால், எங்கள் முகத்தைப் பார்த்தபடி பின்புறமாகவே நடப்பார். ஒரு தடவை அப்படி நடந்து சாக்கடையில் விழுந்து, கரையேறி, விட்ட இடத்திலிருந்து மறுபடி நடந்தார்.

"ஏன் அண்ணாச்சி இந்தப் பாடு? பின்னால வந்தாலும் கேக்கும்லா?" என்றேன்.

"பேண்டு கேக்கதுக்கு இல்லவே, பாக்கதுக்கு. ஊதும்போது உம்ம கன்னம் உப்புத அழகு பின்னால வந்தாத் தெரியுமா?" என்றார்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது உருகி வாசித்துவிட்டால் தம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வாசித்தவருக்குப் போர்த்திவிடுவார். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கும் பொறுமை எல்லாம் கிடையாது. என் வீட்டில் இன்றைக்கும் தலை துவட்டுவது அண்ணாச்சி நெய்த துண்டுகளில்தான்.

ஐம்பதுகளின் நடுவில் அவர் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறினார். ஒரு மளிகைக் கடையில் வேலை. அவருடைய மனைவி ஆமினா அம்மாள் கைக்குழந்தையோடு தென்காசியிலேயே இருந்தார்கள். எட்டொன்பது வருடங்களில் அண்ணாச்சி ஊருக்கு வந்தது ஒரே ஒரு தடவை. திரும்பிப் போகும்போது, ஆமினா அம்மாள் தாமே நெய்த பச்சைக்கரைத் துண்டு ஒன்றைப் பெட்டியில் மடித்து வைத்தார்கள்.

அறுபதுகளில் அவர் ஒரேயடியாக ஊர் திரும்பினார். அந்தத் துண்டு திரும்பவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது. வீட்டில் நடந்த விசாரணையை அண்ணாச்சி என்னிடம் ஒப்பித்தது அப்படியே நினைவிருக்கிறது.

"துண்டு எங்க?"

"பெட்டிக்குப் போத்திட்டேன்."

"என்ன பெட்டி?"

"பேண்டு வாசிக்கிற பெட்டி. சனிக்கிழமை சாயங்காலமானா எல்லாரும் உக்காந்து பாப்போம்."

"பெட்டிக்குள்ள மனுசன் உக்காந்து பேண்டு வாசிச்சான்?"

"ஆமா."

அவ்வளவுதான். அக்கரைக்குப் போன ஆண்களில் சிலர் அங்கே இன்னொரு குடித்தனம் வைத்திருந்த கதைகள் ஊரில் ஏராளம். சனிக்கிழமை சாயங்காலம், காணாமல் போன துண்டு, பெட்டிக்குள் பேண்டு என்று மூன்றையும் ஊர்வாய் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டது. டெலிவிஷன் என்ற சொல்லைப் பத்திரிகையில் படித்திருந்த எனக்கே அரை நம்பிக்கைதான் இருந்தது.

"அவன் எங்கயோ இருந்து ஊதுதான், நான் சமூக மன்றத்துல உக்காந்து பாக்கேன். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குவே. ஒருநாள் கிளாரினெட்காரன் ஒருத்தன் அப்படி உருக்கிட்டான். கை தன்னால போயிட்டு. துண்ட எடுத்துப் பெட்டிமேல போத்திட்டேன். காவல்காரன் வந்து, பெட்டி சூடாயிரும்னு வைதுகிட்டே பிடுங்கிட்டுப் போனான். திருப்பித் தரவே இல்ல." சொல்லச் சொல்ல அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிச்சேன். எம் பேச்சு எங்க வீட்டுக்குள்ளயே எடுபட மாட்டேங்குவே. சோறு வைக்கா, முகத்தப் பாத்துப் பேச மாட்டேங்கா."

ஊர் சிரித்ததை அவர் பொருட்படுத்தவில்லை. ஆமினா அம்மாள் நம்ப வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. தினமும் தறிவேலை முடிந்து வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டி எப்படி இருக்கும், ஆட்கள் எப்படித் தெரிவார்கள் என்று முதலிலிருந்து விளக்குவாராம். மறுநாளும் அதே கதைதான்.

அந்த வருடம் சாரல் நன்றாகக் கட்டியது. குற்றாலத்தில் ஒரு வியாபாரி தம் பங்களா முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் பேண்டை ஏற்பாடு செய்திருந்தார். அண்ணாச்சி அவரிடம் நைச்சியமாகப் பேசி அனுமதி வாங்கி, ஆசாரியிடம் சொல்லி ஆளுயரப் பலகைப்பெட்டி ஒன்றைச் செய்து மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். முன்பக்கம் மட்டும் ஜன்னல் மாதிரி வெட்டியிருந்தது.

"எல்லாரும் உள்ள போங்கவே. ஆமினா கண்ணால பாக்கட்டும்" என்றார்.

எங்கள் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "அங்கன எல்லாம் கறுப்பும் வெளுப்புமாத்தான் தெரியும். கோட்டத் திருப்பிப் போடுங்க" என்றார். உள்துணி கறுப்பாக இருந்தது எங்கள் தலைவிதி. அதோடு விட்டாரா? முகமெல்லாம் பவுடரை அப்பிவிட்டார். உள்ளே நாலு பேர் குந்தியிருந்தோம். டிரம்காரரின் முழங்கை என் விலாவில். ஜன்னலில் ஒரு நேரம் ஒருவர் முகம்தான் தெரியலாம், மற்றவர்கள் குனிந்துகொள்ள வேண்டும் என்பது உத்தரவு. அந்த நிலையிலும் நான் நன்றாகவே வாசித்தேன் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

எதிரே பெண்கள் பக்கத்தில் ஆமினா அம்மாள், முக்காட்டை இழுத்துவிட்டு அசையாமல் அமர்ந்திருந்தார்கள். அண்ணாச்சி முன்வரிசையில் இருந்தார். அருவியில் குளித்துவிட்டுத் தலை ஈரத்தோடு வந்த கூட்டமும் சேர்ந்துகொண்டது. எல்லாரும் சிரித்தார்கள், ஆமினா அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பலகைப்பெட்டிக்குள் ஆள் உட்காரலாம் என்பதற்குச் சாட்சி எதற்கு? அதனால் சிங்கப்பூர்க் கதை மெய்யாகிவிடுமா? அண்ணாச்சியின் வழக்கு அங்கேயே தோற்றுக்கொண்டிருந்தது.

அப்போது ஈர வேட்டியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் முன்னால் வந்தார். ராயகிரிக்காரர், சிங்கப்பூரில் இருந்துவிட்டு வந்தவர் என்று பிறகு தெரிந்தது. பெட்டியைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். உடனே கூவினார்.

"ஏ, டெலிவிசனுக்குத் துண்டு போத்துன ஆளுல்லா நீரு!"

நான் ஊதுவதை நிறுத்திவிட்டேன்.

"மன்றமே சிரிச்சுது பாரும். காவல்காரன் அன்னைக்கு உம்மள வைத வசவு! சனிக்கிழமையானா முன்பெஞ்சுல வந்து உக்காந்துக்கிடுவீரு. தலை மறைக்குன்னு பின்னால இருந்து நாங்க எத்தன தடவ ஏசியிருப்போம்!"

அண்ணாச்சி திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். ஆமினா அம்மாள் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். வெட்டிய ஜன்னல் வழியாக அதை நான் நேராகவே பார்த்தேன். அண்ணாச்சி எங்கள் பக்கம் திரும்பி, "என்னவே நிறுத்திட்டீரு, வாசியும்!" என்று அதட்டினார். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் வாசித்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் மனநிறைவோடு வாழ்ந்தார். சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்தார், மகளைக் கட்டிக்கொடுத்தார், எங்களுக்கு முன்னால் பின்புறமாக நடப்பதையும் விடவில்லை. பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார்.

அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்துத் துக்கம் கேட்கப் போனேன். ஆமினா அம்மாள், கணவரை இழந்தவர்கள் பிற ஆண்கள் முன் வராத இத்தாக் காலத்தில் இருந்தார்கள். உள்ளறைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்துதான் பேசினார்கள். "குத்தாலத்துல அன்னைக்கு அந்த ராயகிரிக்காரர் மட்டும் வரலன்னா அண்ணாச்சி பாடு என்ன ஆயிருக்கும்!" என்றேன்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவுக சொன்ன அன்னைக்கே நான் நம்பிட்டேன் தம்பி. புளுகணும்னு நினைக்கிற மனுசன், அடுத்தவங்க நம்புத மாதிரி ஒரு பொய்யச் சொல்லியிருக்க மாட்டாவளா?"

"பின்ன எதுக்கு அத்தன நாளு முகங்கொடுக்காம இருந்தீங்க?"

"நம்பிட்டேன்னு சொல்லியிருந்தா பேச்சு அன்னைக்கே முடிஞ்சிருக்குமே. அத்தன வருசம் கண்ணால காணாத மனுசன், தெனமும் பக்கத்துல உக்காந்து எனக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. அத நானா நிறுத்துவேன்?"

சொல்லிவிட்டு அவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. "இத மட்டும் அவுககிட்ட நான் கடைசிவரைக்கும் சொல்லல" என்றார்கள்.

துக்கவீட்டிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்த என்னை, படியேறி வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். அண்ணாச்சி, ஆமினா அம்மாள் சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சொன்னதை உங்கள் வீடு முதல் நாளே நம்பியது. நிம்மதியாகப் போய் வாருங்கள்.