கிளாஸ்கோ கோல்கீப்பருக்கு ஒரு பக்கம்

சூலே புத்தர் கோயில் அருகே பேருந்து நகராமல் நின்றபோதுதான் அலுவலகத்திலிருந்து தோழி மா சூ அழைத்தாள். அவர்கள் பேச்சில் 'கோ' என்றால் அண்ணன்; கோ மாணிக்கம் காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டாராம். எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. "இந்த வருஷம் நம்ம கோயில் ஆண்டு மலர்ல உங்க கட்டுரை கட்டாயம் வரும் அண்ணே" என்று முந்தின நாள்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

கியாக்டடா வட்டாரத்தில் கப்பல் சரக்கு விடுவிக்கும் அலுவலகத்தில் அவருக்கு என் பக்கத்து மேசை. உங்களில் பலருக்கு அவரைத் தாகேதா அணியின் கோல்கீப்பராகத் தெரியும். அதிலும், மழையில் ஓர் இறுதி ஆட்டத்தில் கைநழுவ விட்ட பந்துக்காகத் தெரியும். அவர் பிடித்த பந்துகளைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. தேநீர்க் கடையில் அவர் உட்கார்ந்தாலே யாராவது ஆரம்பிப்பார்கள்: "மாணிக்கம், கிளாஸைக் கெட்டியா புடிப்பா, வழுக்கிடப் போவுது!" அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒருமுறை மட்டும் என் பக்கம் திரும்பி, "எத்தனை புடிச்சாலும் ஒருத்தனும் கேக்கமாட்டான் தங்கச்சி. விட்டது ஒண்ணை மட்டும் பேரன் வரைக்கும் சொல்லுவான்" என்றார்.

அதனால்தானோ என்னவோ, ஸ்காட்லாந்தின் பழைய கோல்கீப்பர் ஒருவன்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். மின்சாரமும் இணையமும் சேர்ந்து வரும் நேரங்களில் கைபேசியில் துண்டு துண்டாகப் படித்துச் சேர்த்த கதை அது. கால்பந்து தொடங்கிய காலத்து ஆள். கிளாஸ்கோ கப்பல் பட்டறையில் ஆணி அடிக்கும் வேலை. கையுறை கிடையாது, கோலுக்கு வலை கிடையாது. எதிரணிக்காரன் கோல்கீப்பரைத் தோளால் இடித்துப் பந்தோடு கோட்டுக்கு உள்ளே தள்ளினாலும் அன்றைய விதிப்படி அது கோல்தான். தன் அணிக்குப் பல வருடங்கள் காவல் நின்றவனை நாட்டுக்காக ஒரே ஒரு முறை கூப்பிட்டார்கள். சேற்றில் நடந்த அந்த ஆட்டத்தில் கோல்களை விட்டான். அதன் பிறகு கூப்பிடவே இல்லை. "அந்த ஊர்ல கட்டுன படகுங்கதான் நம்ம ஐராவதியில ஓடிச்சு. அவன் அடிச்ச ஆணி மேலதான் நம்ம தாத்தாங்க மூட்டை தூக்கிட்டு நடந்திருப்பாங்க" என்பார் மாணிக்கம் அண்ணன்.

அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. மலர்க்குழுவில் கட்டுரையைக் கொடுத்தபோது தலைவர் ஐயா, "வெள்ளைக்காரனுக்கு நம்ம மலர்ல என்னம்மா வேலை?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். கூட்டத்தில் வாய் திறக்க அந்தப் பட்டம் போதவில்லை. "இல்லைங்கய்யா, அந்தப் படகுங்க..." என்று நான் தொடங்குவதற்குள் அட்டையின் நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த வருடம் அந்தப் பக்கம் நன்கொடையாளர் ஒருவரின் படத்துக்குப் போனது. அதற்கும் அடுத்த வருடம், இடமில்லை.

இப்போது இடம் இருக்கிறது. காரியம் முடிந்த மறுநாளே தலைவர் ஐயா அழைத்தார். "நல்ல மனுஷன்மா. முழுப் பக்கம் தர்றோம், நினைவஞ்சலி எழுதிக் குடு." உயிரோடு இருந்தவர் அரைப் பக்கம்தான் கேட்டார். இறந்தவருக்கு முழுப் பக்கம்.

எனவே அவர் கேட்டதையே இதில் எழுதிவிட்டேன். ஒன்று மட்டும் பாக்கி. நாட்டுக்காக ஆடித் தோற்ற அந்த ஆட்டத்துக்குப் பின் கிளாஸ்கோக்காரன் பட்டறைக்குத் திரும்பினான். அடுத்த சனிக்கிழமை தன் பழைய அணிக்குக் காவல் நின்றான். இந்த இடம் வந்ததும் அண்ணன் மேசையைத் தட்டுவார். "திரும்பப் போய் நின்னான் பாரு தங்கச்சி, அதான் ஆட்டம்." மழை ஆட்டத்துக்கு அடுத்த வாரம் அவரும் அதே கோலில் போய் நின்றார். அது யாருக்காவது நினைவிருக்கிறதா?

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த அடுத்த சனிக்கிழமையைத்தான். ஐயா, நம் மலர்க்குழு கூடுவதும் சனிக்கிழமைகளில்தானே. இந்தப் பக்கத்தில் வெட்டுவதென்றால் என் வரிகளை வெட்டுங்கள். கோல்கீப்பரை வெட்டினால், அடுத்த சனிக்கிழமை நான் வந்து நிற்பேன்.