பூம்பாறைத் தைலமும் மருக்கொழுந்துக் கைக்குட்டையும்

போன தை மாதம் கோடைக்கானல் போனது ஊர் பார்க்க அல்ல. மதுரையில் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வடித்த யூகலிப்டஸ் தைலம் தேவைப்பட்டது. வெங்காய வேரின் செல்களில் அதைச் சோதிக்கிறோம். ஆவி மட்டும் லேசாகப் பட்டால் வேரில் பூஞ்சணம் பிடிப்பதில்லை, செல்லுக்கும் கேடில்லை. தைலமே நேராகப் பட்டால் செல் சுருண்டுபோய் வெறும் கூடுதான் மிஞ்சும். என் மனைவி இறந்து அப்போது நான்கு மாதம். போகச் சொன்னார்கள், போனேன்.

வத்தலக்குண்டில் காலை ஆறரைக்கு பஸ். வளைவுக்கு வளைவு மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, முன்னால் இருந்தவரின் தலைப்பாகையை அழித்துவிட்டுப் போனது. கோடைக்கானலிலிருந்து பூம்பாறை பதினோரு மைல். பூண்டு ஏற்றப் போகும் லாரியில் எழுபத்தைந்து நயா பைசா. டிரைவர் பேசவே இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

ஊருக்கு முன்னால் ஓடையோரம் தைல அடுப்பு. செப்பு அண்டாவில் இலை வேகிறது. ஆவி, ஓடைக்குள் கிடக்கும் குழாயில் குளிர்ந்து தைலமாகச் சொட்டுகிறது. புகையா, பனியா, ஆவியா என்று தெரியாத வெள்ளைக்குள் ஒரு கணவனும் மனைவியும்.

"ஏங்க, வெரசா தீயத் தள்ளுங்க. சார் மெட்ராஸ்ல இருந்து வந்து நிக்கிறாரு," என்றார் அந்தம்மா.

"மதுரைங்க," என்றேன்.

"இவளுக்கு பேன்ட் போட்டவன் எல்லாம் மெட்ராஸ்தாங்க," என்றார் கணவர்.

குளிரில் மூக்கு ஒழுகியது. பையில் கைவிட்டுக் கைக்குட்டையை எடுத்தேன். வந்தவர்களின் கைக்குட்டையைத் தைலத்தில் நனைத்துக் கொடுப்பது அங்கே மரியாதை. அந்தம்மா அதை வாங்கிச் சீசாவைச் சாய்க்கப் போனார். அப்போதுதான் கவனித்தேன், அது என்னுடையதல்ல. மனைவியுடையது. மருக்கொழுந்தை அதில்தான் மடித்து வைப்பாள். வாசம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"ஊத்தாதீங்க!"

என் குரல் ஓடைக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. நான்கு மாதத்தில் நான் போட்ட முதல் சத்தம்.

"என் சம்சாரத்தோடதுங்க," என்றேன். "இப்ப இல்ல அவ."

அந்தம்மா கையை முந்தானையில் துடைத்துவிட்டு, ஒரு மூலையை மட்டும் பிடித்து நீட்டினார். "ஏங் கையெல்லாம் தைலமா கெடக்கு. பாத்துப் பிடிங்க, தம்பி."

"அதுக்காக வந்தவர வெறுங்கையோட அனுப்பவா?" என்று கணவர் என் சட்டைக் கையில் இரண்டு சொட்டு விட்டார்.

தைலம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கைக்குட்டையில் வாசம் ஏறாமலிருக்க அந்தக் கையை லாரிக்கு வெளியிலேயே நீட்டிக்கொண்டு வந்தேன். விரல்கள் மரத்துவிட்டன.

பூம்பாறை போகிறவர்கள் கைக்குட்டை இரண்டு கொண்டுபோங்கள். நனைக்கக் கூடாததை உள்பையில் வையுங்கள். தைலச் சீசாவைத் துணிகளோடு வைக்காதீர்கள். சளிக்கென்று வாயில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

கோடைக்கானலில் அறைக்கு வந்துதான் கைக்குட்டையைப் பிரித்தேன். அந்தம்மாவின் விரல் பட்ட மூலையில் லேசாகத் தைல வாசம். மற்ற இடமெல்லாம் மருக்கொழுந்து. இந்த அளவை செல் தாங்கும். மடித்து வைத்துவிட்டுத் தூங்கினேன்.