கொடுத்துப் பழகிய கை

அன்று சாயங்காலம் டென்னிஸ் கோர்ட்டில் கிளப் செக்ரட்டரி இருந்தார். அவர் வக்கீல். டாக்டர் இருந்தார், வெள்ளைக் கால்சட்டையோடு. தரைக்குத் தண்ணீர் தெளிக்கும் பெரியவர் இருந்தார். மாப்பிள்ளை இருந்தார், அதாவது என் தங்கை புருஷன். நான் இருந்தேன். வேறு யாரும் இல்லை.

சமஸ்தானம் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. புதுக்கோட்டையில் அந்த டென்னிஸ் கிளப்புக்கு முன்பு மூன்று கோர்ட். இரண்டில் புல் மண்டிவிட்டது. மெம்பர்கள் பலர் மாற்றலாகிப் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் ஒரு கோர்ட்டுக்கு இரண்டு மார்க்கர் எதற்கு என்று கமிட்டியில் பேச்சு வந்தது. இரண்டு மார்க்கர் என்றால் நானும் மாப்பிள்ளையும்தான்.

மார்க்கர் சம்பளத்துக்கு ஆடுகிறவன். மெம்பருக்கு ஜோடி வராத நாளில் எதிரே நின்று ஆட வேண்டும். மற்ற நேரம் கோடு போட வேண்டும், வலை கட்ட வேண்டும், மட்டைக்கு நரம்பு பின்ன வேண்டும். மெம்பர்கள் ஆடும் போட்டிகளில் அவன் சேர முடியாது. மார்க்கர்களுக்கென்று தனியாகப் போட்டி வைப்பார்கள். அந்த வருஷம் காரைக்குடியில் ஒன்று, அதை ஒட்டி அடுத்த வாரமே திருச்சியில் ஒன்று.

செக்ரட்டரி நின்றபடியே சொன்னார். இருவரும் இரண்டு ஊருக்கும் போக வேண்டும். இரண்டிலும் ஜெயித்த ஆட்டங்களைக் கூட்டுவார்கள். கூடுதலாக ஜெயித்தவனுக்கு வேலை. சமமாக வந்தால் வயதில் இளையவனுக்கு. மாப்பிள்ளை என்னைவிட இளையவர். எங்களைச் சம்மதமா என்று கேட்டார். சரிங்கய்யா என்றோம்.

எனக்கு வேறு வேலை தெரியாது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பந்து பொறுக்க வந்து மார்க்கர் ஆனேன். மாப்பிள்ளைக்குத் திருவரங்குளத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. அது அவருடைய அண்ணன் தம்பிகளுக்கே பற்றாது. அவரை வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்தான். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருந்தோம். அங்கே அரிசி களைவது இங்கே கேட்கும்.

காரைக்குடியில் எனக்கு முதல் ஆட்டமே மதுரைக்காரரோடு விழுந்தது. உயரமான ஆள். நல்ல ஆட்டக்காரர். ஆனாலும் பயம் வரவில்லை. பந்து நெடுநேரம் போய் வந்தது. பார்த்தவர்கள் கை தட்டினார்கள். ஆட்டம் முடிந்ததும்தான் தெரிந்தது, இரண்டு செட்டிலும் சேர்த்து எனக்கு மூன்று கேம்தான். மதுரைக்காரர் வலைக்கு வந்து கை கொடுத்தார்.

"அண்ணே, ஒங்களோட ஆடுனா கைக்கு இதமா இருக்குண்ணே."

அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளை இரண்டு ஆட்டம் ஜெயித்தார். அவர் அடி பலமான அடி. காரைக்குடியில் கிராவல் தரை. அவர் அடித்த பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாகப் போனது, யாராலும் எடுக்க முடியவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் அதே மதுரைக்காரரிடம் தோற்றார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தோம். திருமயம் தாண்டியதும் அவர் தூங்கிவிட்டார்.

அவர் இரண்டு. நான் ஒன்றுமில்லை.

யோசித்தேன். என் கையில் பலம் குறையவில்லை, காலும் ஓடியது. மதுரைக்காரர் எங்கே நின்றாரோ அங்கேயே பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். பல வருஷமாக நான் செய்தது அதுதான். டாக்டருக்கு இடுப்பு உயரத்தில் வலது பக்கம் வேண்டும். செக்ரட்டரிக்கு இரண்டடி தள்ளி வேண்டும், ஓடி எடுத்த மாதிரி இருக்கும். மெம்பர் எங்கே மட்டையை வைக்கிறாரோ அங்கே பந்து போக வேண்டும். அப்படிப் போட்டால்தான் நல்ல மார்க்கர். மாப்பிள்ளைக்கு அது வராது. அவர் அடித்தால் மெம்பர்கள் பந்தைத் தேடிக்கொண்டு வேலி வரைக்கும் போவார்கள். அதனால் அவரை அதிகம் கூப்பிடுவதில்லை. காரைக்குடியில் அவருக்கு அதுவே கைகொடுத்தது.

மறுநாள் விடிந்ததும் கோர்ட்டுக்குப் போனேன். யாரும் இல்லாமல் மூலையைப் பார்த்து அடித்தேன். சொன்ன இடத்தில் விழுந்தது. பெரியவர் வாளியோடு வந்தார். எதிர்ப்பக்கம் சும்மா நிற்கச் சொன்னேன். மட்டை கூட வேண்டாம் என்றேன். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்றார். முதல் பந்து அவர் முழங்காலில் பட்டது. அடுத்தது வயிற்றுக்கு நேராகப் போனது. அவர் தள்ளி நின்று பார்த்தார். பந்தும் தள்ளிப் போனது.

"ஏப்பா, நான் ஒனக்கு என்னப்பா பண்ணுனேன்? அங்கிட்டு நின்னா அங்கிட்டு வருது, இங்கிட்டு நின்னா இங்கிட்டு வருது" என்றார்.

"நில்லுங்கண்ணே. இன்னும் கொஞ்சம்."

"நிக்கிறேன். பீடியில மட்டும் அடிச்சுப்புடாத."

அந்த வாரம் முழுக்க அவர் நின்றார். ஆள் எதிரே இருந்தால் என் கண் முதலில் அவர் கையைத்தான் பார்க்கிறது என்று கண்டுகொண்டேன். பார்க்காமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. பிறகு விட்டுவிட்டேன். பார்க்கட்டும். அவருக்கு எங்கே வேண்டும் என்று தெரிந்துகொள்ளட்டும். தெரிந்த பிறகு அங்கே போடக் கூடாது, அவ்வளவுதான். நாலு பந்தில் ஒன்று விலகிப் போனது. பிறகு இரண்டு விலகின. வார முடிவில் பெரியவர் மேல் எப்போதாவது ஒன்றுதான் பட்டது.

சாயங்காலம் டாக்டரோடு ஆட வேண்டியிருந்தது. ஒரு பந்து என்னை அறியாமல் அவருக்கு எட்டாத பக்கம் போய்விட்டது. அவர் மட்டையைத் தாழ்த்திவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மன்னிக்கச் சொன்னேன். அடுத்ததும் அப்படியே போனது. அவர் செக்ரட்டரியிடம் போய் ஏதோ சொன்னார். செக்ரட்டரி என்னைப் பார்த்தார். நான் வலையின் கயிற்றை இறுக்கப் போய்விட்டேன். விடிகாலையில் ஒரு மாதிரியும் சாயங்காலத்தில் இன்னொரு மாதிரியும் ஆட என்னால் முடியவில்லை. வேலை நிலைக்க வேண்டுமானால் வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கெடட்டும் என்று இருந்தேன்.

திருச்சிக்குக் கிளம்பும் காலையில் தங்கை கட்டுச்சோறு கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் பொட்டலத்தை அவரிடம் கொடுத்தாள். என்னுடையதைக் கொடுக்கும்போது வாசலுக்கு வெளியே வந்து நின்றாள். என் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள், அவள் வீட்டிலும் இரண்டு. அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அண்ணே, நான் இருக்கேன்னு நெனச்சு வேணும்னே தோத்துட்டு வராதீங்க" என்றாள். "அந்தச் சோத்தை என்னால திங்க முடியாது."

சரி என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

திருச்சியில் சாணி மெழுகிய தரை. பந்து எழும்பி நின்றது. மாப்பிள்ளையின் அடிக்குக் காரைக்குடியில் இருந்த வேகம் இங்கே இல்லை. எதிராளிக்கு ஓடி வந்து நிற்க நேரம் கிடைத்தது. அவர் இன்னும் பலமாக அடித்தார். பந்து கோட்டுக்கு வெளியே போனது. முதல் ஆட்டத்திலேயே தோற்றார். ஒரு வாரத்தில் அவர் ஆட்டம் குறைந்துவிட்டதாக அங்கே சிலர் பேசிக்கொண்டார்கள். ஆட்டம் அதேதான். தரை வேறு.

நான் இரண்டு ஆட்டம் ஜெயித்தேன். இரண்டும் சிரமமான ஆட்டம். யாரும் கை தட்டவில்லை. பந்து இரண்டு தடவை போய் வந்தால் மூன்றாவது தடவை ஆள் இல்லாத இடத்தில் விழுந்தது. பார்க்க அழகாக இல்லை.

இப்போது அவர் இரண்டு, நான் இரண்டு. இப்படியே நின்றால் வேலை அவருக்கு. அடுத்த ஆட்டம் மதுரைக்காரரோடு.

மாப்பிள்ளை ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. வலைக்கு நேரே பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் மட்டையை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டினேன்.

"மச்சான், டாக்டர் ஐயாவுக்குக் குடுக்கிற மாதிரி அவருக்கும் பதமா குடுத்துப்புடுங்க" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"பாப்பம் மாப்ளே" என்றேன்.

முதல் செட் போய்விட்டது. மதுரைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி உள்ளே வந்தார், அந்தச் சிரிப்பில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. சிரிக்கிற ஆளுக்குக் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். இரண்டாவது செட்டில் அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினேன். கையை மட்டும் பார்த்தேன். அவருக்கு வலது பக்கம் தாழ்வாக வேண்டும். இடது பக்கம் உயரமாகப் போட்டேன். திரும்பவும் அங்கேயே போட்டேன். அவர் சிரிப்பதை விட்டுவிட்டார். அந்தச் செட் எனக்கு வந்தது.

மூன்றாவதில் இருவரும் களைத்துவிட்டோம். வெயில் ஏறிவிட்டது. நாலுக்கு நாலு என்று இருக்கும்போது ஒரு சுலபமான பந்து வந்தது. அதை நேராக அவர் மட்டைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாப்பிள்ளை பெஞ்சில் முன்னால் சாய்ந்தார். நான் மட்டையின் பிடியை வேட்டியில் துடைத்தேன். பெரியவர் வாளியோடு நிற்பதாக நினைத்துக்கொண்டேன். அவர் முழங்காலில் இனிமேல் படக் கூடாது. அதற்குப் பிறகு ஒரு பந்தும் மதுரைக்காரர் நின்ற இடத்துக்குப் போகவில்லை. கடைசிப் பந்து இடது மூலையில் விழுந்தது. அவர் ஓடவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார்.

வலைக்கு வந்து, "போன வாரம் ஆடுனது நீங்கதானாண்ணே?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

மறுநாள் பைனலில் தோற்றேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பும் பஸ்ஸில் மாப்பிள்ளை என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். மலைத்தோட்டத்துக் கிளப் ஒன்றில் ஆள் கேட்டிருப்பதாகத் திருச்சியில் யாரோ சொன்னார்களாம். அங்கே குளிர் எப்படியிருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தங்கைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்றேன். கம்பளி வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

சாயங்காலம் இருவரும் கோர்ட்டுக்குப் போனோம். செக்ரட்டரி ஆடி முடித்துத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். போன வாரத்துப் பந்துகள் அவருக்கு மறக்கவில்லை. ஆனால் செக்ரட்டரி சொன்ன சொல் சொன்னதுதான். இரண்டு ஊரும் சேர்த்து யார் எத்தனை ஜெயித்தது என்று கேட்டார்.

ரெண்டுங்கய்யா என்றார் மாப்பிள்ளை.

செக்ரட்டரி என் பக்கம் திரும்பினார். தரையைப் பார்க்காமல் சொன்னேன்.

மூன்று.