என் பெயரில் ஓடிய இரண்டு லொறிகள்

பிள்ளைகளே, யட்டவத்தையை விட்டு ஏன் வந்தோம் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் வேறு பேச்சை எடுத்துவிடுவேன். இனி மறைப்பதில் பிரயோசனமில்லை.

அங்கே ஒரு முதலாளியின் பலசரக்குக் கடையில் கணக்கெழுதினேன். கடைக்குப் பின்னாலிருந்த அறைதான் நமக்கு வீடு. நம்பிக்கையான ஆளின் பெயரில் லொறியைப் பதிவது அன்று சில முதலாளிமாரின் வழக்கம். "நீ எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி" என்று அவர் தாளை நீட்டியதும், எனக்கு மதிப்புக் கூடியதாக நினைத்து வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ஒன்றுக்கல்ல, இரண்டு லொறிகளுக்கு. உங்கள் அம்மாதான், "லொறிக்காரரே, அரிசி வாங்கக் காசு இருக்குங்களா?" என்று குத்திக்காட்டுவாள்.

அந்த லொறிகள் ரிவர்ஸ்டன் பக்கத்துக் காட்டுக்குச் சாராயம் காய்ச்சச் சீனி ஏற்றிப்போய், மரக்கறிக்கு அடியில் கசிப்பு என்ற அந்தக் கள்ளச்சாராயத்தை ஏற்றி வந்தன. முதலில் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை. பொலிசார் காய்ச்சுகிறவர்களைப் பிடிப்பார்கள். அடுத்த வாரமே வேறு ஆட்கள் காய்ச்சுவார்கள். கடைசியில் வந்த அதிகாரி காட்டுப்பக்கமே போகவில்லை. லொறி வாங்கிய பணம் யாருடையது என்று தேடினார். அகப்பட்டது என் பெயர்.

மாத்தளைப் பொலிஸ் கந்தோருக்கு வரச் சொல்லி ஆளனுப்பினார். நான் போவதற்கு முதல்நாள் முதலாளி, "பொண்டாட்டி சீதனத்துல வாங்கினேன்னு சொல்லிடு. மாத்திச் சொன்னா அந்த அறையில இருக்க ஏலாது. காட்டுல இருக்கிற பயலுகளும் சும்மா விடமாட்டானுங்க" என்றார். அப்படிச் சொன்னால் எனக்குச் சிறை. உண்மையைச் சொன்னால் கைக்குழந்தையோடு நாம் தெருவில். பஸ்ஸில் போகும் வழியெல்லாம் யோசித்தேன். மூன்றாவதாக ஒரு வழி தென்படவில்லை.

அதிகாரி யாழ்ப்பாணத்தவர்.

"சம்பளம் எவ்வளவு?"

"தொண்ணூறு ரூபாங்க ஐயா."

"அப்ப எத்தினை வருசம் சாப்பிடாமல் கிடந்து இந்த ரெண்டையும் வாங்கினனீர்?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார்.

"இல்லாட்டி மனுசி சீதனம் கொண்டு வந்தவவோ?"

நான் சொல்ல வந்த பொய்யை அவரே எடுத்துக் கொடுத்தார். தலையாட்டினால் போதும். ஆனால் அவளை அதற்குள் இழுக்க மனம் வரவில்லை.

"அவ கட்டின சேலையோட வந்தவங்க ஐயா. லொறி முதலாளியோடது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எழுதி முடித்ததும் அவர் குரலைத் தாழ்த்தி, "இண்டைக்கே பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வேறை எங்கையாவது போம்" என்றார்.

வெளியே மழை இருட்டியிருந்தது. பொலிசார் பிடித்துவந்திருந்த என் பெயர் லொறிகளில் ஒன்று முற்றத்தில் நின்றது. அதன் படங்கு ஒரு பக்கம் அவிழ்ந்து, சீனி மூட்டைகள் வெளியே தெரிந்தன. அருகில் யாருமில்லை. சில்லில் ஏறி, படங்கை இழுத்து மூடி, கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.