மூடியைத் திறக்காதீர்கள்

புகையடுப்புத் தொழிலில் பாதி வேலை, மூடியைத் திறக்க வரும் கைகளைத் தடுப்பதுதான்.

கரியோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, உங்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். படுக்கவைத்த இரும்பு டிரம். உள்ளே ஒரு ஓரம் கரி, மறு ஓரம் இறைச்சி. கீழே காற்றுத் துவாரம், மூடியில் சூடு காட்டும் முள். அது நூற்றுப் பத்து டிகிரியில் நின்றால் கறி தானாகக் குழையும். ஆனால் நிற்காது.

என் மகன் துபாயில் இருக்கிறான். மருமகள் ரேவதி பெங்களூர் வேலையை விட்டு வந்து, வேங்கிக்காலில் இந்தப் புகைக்கறிக் கடையைப் போட்டாள். தை மாதத்துக்குள் ஓடாவிட்டால் திரும்பிப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள். காலையில் இரண்டு தம்ளர் காபி கலந்து பழகிவிட்ட நான் அந்த முள்ளை நிமிஷத்துக்கொரு தரம் எட்டிப் பார்ப்பேன்.

கற்பூரம்

முதல் வாரம். மழையில் கரி நமுத்துப்போயிருந்தது. ரேவதி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். இந்த ஊரில் எந்த வீட்டிலும் இருக்கும் பொருளை நான் கைநிறைய அள்ளிப் போட்டேன். கரி பூப்போலப் பற்றியது. மூடினேன். முள்ளும் சொன்னபடி நின்றது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

புகைக்குப் போக வேறு இடம் ஏது? எல்லாம் கோழிக்குள் இறங்கிவிட்டது. முதல் போணி ஓர் ஆட்டோக்காரர். ஒரு வாய் கடித்துக் கண்ணை மூடினார்.

"நல்லாத்தாம்மா கீது. ஆனா சாப்ட்டுட்டுத் துன்னூறு பூசிக்கணும் போல இருக்குது."

எழுப்பிவிட்டவர்

பக்கத்தில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் மணி நல்ல மனிதர். நாங்கள் உள்ளே மசாலா அரைத்துக்கொண்டிருந்தபோது, அடுப்பு மங்கலாக இருப்பதைக் கண்டு அவர் மனம் பொறுக்கவில்லை. அட்டையை எடுத்து, துவாரத்தருகே குந்தி, விசிறு விசிறென்று விசிறியிருக்கிறார். நாங்கள் வெளியே வந்தபோது முள் இருநூறைத் தாண்டியிருந்தது. கோழிகள் அவருடைய கரியைவிடக் கறுப்பாக இருந்தன. ரேவதி வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்:

"நெருப்பு தூங்கிட்டிருந்துச்சுக்கா, பாவமேன்னு எழுப்பிவுட்டேன்."

பௌர்ணமி

பௌர்ணமியன்று எங்கள் கடையில் கறி கிடையாது. கத்திரிக்காயும் சேனையும்தான் புகையில் வேகும். மலை சுற்றிவிட்டு வீடு திரும்புகிறவர்கள் நம்பவேண்டுமே! வாசனை பிடித்து வந்தவர்கள் ஒவ்வொருவராக மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். தூக்கும்போதெல்லாம் முள் விழுந்தது. கடைசியாக வந்தவர் நெற்றி நிறைய விபூதியோடு குனிந்து, உற்றுப் பார்த்து, நிமிர்ந்தார். முகம் வாடிவிட்டது.

"அடச்சே, நெஜமாவே கத்திரிக்காதானா!"

ஓய்வு பெற்ற நாள்

பக்கத்து அலுவலகத்தில் ஒருவர் ஓய்வு பெற்றார். எங்கள் கடையிலேயே மதிய விருந்து, ஆட்டுத்தொடை கேட்டார்கள். பிடித்தால் வாராவாரம் வாங்குவார்களாம். அதே காலையில் ரேவதியின் பழைய மேலாளர் பெங்களூரிலிருந்து அழைத்தார். இடம் காலியாக இருக்கிறதாம், சாயங்காலத்துக்குள் பதில் வேண்டுமாம். "சொல்றேன் மேடம்" என்று வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ரேவதி கரி அள்ளப் போனாள்.

பாதி வேக்காட்டில் மழை பிடித்தது. முள் சரசரவென்று இறங்கியது. நான் பதறிக் கரியைக் கொட்டப் போனேன். "வேணாம் அத்தை" என்று தடுத்து, துவாரத்தைக் கொஞ்சம் திறந்துவைத்தாள். நான் டிரம்முக்குக் குடை பிடித்து நின்றேன். தகரத்தில் மழையின் தாளம், மூடிக்குள் சன்னமான சீறல். அழகாகத்தான் இருந்தது, ரசிக்கத் தைரியம் வரவில்லை.

விருந்தாளிகள் நேரத்துக்கு வந்துவிட்டார்கள், கறி வரவில்லை. ஓய்வு பெறுபவரே மூடிக்குக் கை நீட்டினார்.

"ஒரே ஒரு தடவ பாத்துக்கறேம்மா."

"உக்காருங்க சார். நாளையிலிருந்து உங்களுக்கு ஆபீசா, ஒண்ணா? என்ன அவசரம்?"

ரேவதி இப்படிச் சொன்னதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்து உட்கார்ந்தார். மழை விட்டது. முள் மெல்ல ஏறி நின்றது. கடைசியில் ரேவதி தொடையைத் தூக்கியபோது எலும்பு மட்டும் கையோடு வந்தது. அதன் பிறகு மெல்லுகிற சத்தம்தான்.

சாயங்காலம் அவள் போனை எடுத்தாள். நான் பாத்திரம் தேய்ப்பதுபோல் நின்று கேட்டேன்.

"இல்லைங்க மேடம், வர முடியாது. அடுத்த வாரத்துக்கு நாலு தொடை சொல்லியிருக்காங்க."

இப்படியாக, சாமியே நெருப்பாக நின்ற ஊரில் குடியிருந்துகொண்டு, நெருப்பைக் கொஞ்சம் கம்மியாக எரியச் சொல்லிக் கெஞ்சிப் பிழைக்கிறோம் நாங்கள்.