மைசூரில் வந்த சிவப்புப் பூ

1994, ஜூலை. வியாழக்கிழமை, காலை 5.40. கோபிசெட்டிபாளையத்திலிருந்து மைசூர் வண்டி பத்து நிமிடத் தாமதத்துடன் புறப்பட்டது. பயணச்சீட்டு ஒருவருக்கு முப்பத்திரண்டு ரூபாய். தூரம் ஏறத்தாழ நூற்றறுபது கிலோமீட்டர். சன்னலோரம் நான், பக்கத்தில் அப்பா, அவர் மடியில் ஒரு துணிப்பை. பையில் என் சான்றிதழ்களும் இரண்டு கடிதங்களும் இருந்தன. மைசூரில் மொழியியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு மணிக்குள் நேரில் வந்து சேர வேண்டும் என்றது ஒன்று. கோவையில் பி.எட். படிக்க இடம் இருப்பதாகச் சொன்னது மற்றொன்று. எங்கள் தெருவில் எனக்கு முன்பு தமிழ் இலக்கியம் படித்த பெண்கள் ஐந்து பேர், ஐவரும் பி.எட். முடித்தவர்கள். ஆறாவது நான் என்று தெரு முடிவு செய்து வெகுநாளாகியிருந்தது. பெரியப்பாவும் அதையே சொன்னார். அப்பா இரண்டு கடிதங்களையும் மாற்றி மாற்றிப் படித்துவிட்டு, பூக் கேட்டுவிடலாம் என்றார்.

பூக் கேட்பதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே இலையில் பொதிந்து அம்மன் முன் போடுவார்கள். விவரம் தெரியாத ஒருவர் அவற்றில் ஒன்றை எடுக்க வேண்டும். எங்கள் ஊர் முறைப்படி வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. அக்காவின் கல்யாணம் முதல் வீட்டிலிருக்கும் மொபெட் வரை அப்படி முடிவானவைதான். மைசூரைப் பற்றிய கேள்வியை மைசூரிலிருக்கும் அம்மனிடம் கேட்பதுதான் முறை என்று அங்கே செவிலியராக இருக்கும் அத்தை எழுதியிருந்தார். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

எனக்கும் அந்த ஏற்பாடு வசதியாகவே இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. இருபத்தொரு வயது வரை பெரியப்பா எதிரில் ஒரு வாக்கியத்தை நான் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. பூ பேசிவிட்டால் நான் பேச வேண்டியதில்லை.

காலை 7 மணி. பண்ணாரியில் வண்டி நின்றது. ஓட்டுநர் இறங்கி அம்மனைக் கும்பிட்டு, அங்கே திருநீறாகத் தரும் மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு ஏறினார். அதன்பின் திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். முன் இருக்கையில் சாமராஜநகர் செல்லும் மஞ்சள் வியாபாரி ஒருவர், ஒவ்வொரு வளைவையும் உரக்க எண்ணிக்கொண்டே வந்தார். பதினாறில் அவருக்கு எண்ணிக்கை தவறிவிட்டது. அந்த வருத்தத்தை மறக்க எங்கள் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி படிக்கப் போகுதுங்ளா? பி.எட்டுங்ளா?"

இன்னும் முடிவாகவில்லை என்றார் அப்பா.

"முடிவாகாமயேவா மைசூருக்கு டிக்கெட் எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் மீண்டும் பதினாறிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

முற்பகல் 11.15. மைசூர். நிலையத்திலிருந்து அத்தை வீட்டுக்குக் குதிரை வண்டியில் பன்னிரண்டு ரூபாய். சாலைகள் அகலமானவை, மரங்கள் இரு பக்கமும் வரிசை குலையாமல் நிற்கின்றன. நான் கவனித்துக் குறித்துக்கொண்டது வேறொன்று: பெண்கள் மொபெட் ஓட்டிப் போகிறார்கள், எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டு மொபெட்டை நான் ஒரு நாளும் ஓட்டியதில்லை. ஓட்டலாமா என்று கேட்டதும் இல்லை.

வெள்ளிக்கிழமை, காலை 7.30. அத்தை வீட்டிலிருந்து கால் மணி நேர நடையில், கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள் எழுப்பிய சிறிய மாரியம்மன் கோயில். அப்பா தம் கையாலேயே பூக்களைப் பொதிந்தார். பொட்டலத்தை எடுக்க, வாசலில் பூ விற்கும் கொள்ளேகாலத்துப் பெண்மணியை அத்தை அழைத்துவந்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

பூக்காரப் பெண்மணி எங்கள் மூவர் முகத்தையும் பார்த்தார்.

"ஏனுங்க, எல்லாரும் இப்படி நிக்கறீங்க? செவப்பு வந்தா நல்லதுதானுங்களே?"

எங்கள் ஊர் முறையை அப்பா விளக்கினார். அந்தப் பெண்மணி ஒப்பவில்லை. "எங்கூர்ல வெள்ள வந்தாத்தானுங்க வேண்டாம்னு அர்த்தம். அம்மனுக்குப் புடிச்சதே செவப்புத்தானுங்க."

அத்தை அதை உடனே பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களாண்ணா? சாமி இருக்கற ஊரு மொறதான் செல்லும். உங்க கோபிச் சட்டமெல்லாம் இங்க ஆகாது."

பொதிந்தவர் தாம் என்றும், நினைத்ததும் எங்கள் ஊர் முறையில்தான் என்றும் அப்பா வாதிட்டார். வழக்கு நீண்டது. பூசாரியிடம் கேட்டார்கள். தாம் தர்மபுரிக்காரர் என்றும், அங்கே எலுமிச்சம்பழம்தான் வைப்பார்கள் என்றும் சொல்லி அவர் நழுவிக்கொண்டார். கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

கொள்ளேகாலம் முறையே சரி என்று நான் தலையசைத்தால் போதும். அப்பாவும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் பொட்டலம் பிரிந்து சிவப்பு தெரிந்த கணத்தில் வெள்ளை வந்திருக்கக் கூடாதா என்றுதான் என் மனம் கேட்டிருந்தது. எனக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. தெரிந்தபின் இன்னோர் ஊர் வழக்கத்தின் பின்னால் போய் நிற்பது நேர்மையாகப் படவில்லை.

"அப்பா, நீங்க நம்மூர் மொறைலதான் கேட்டீங்க. வேண்டாம்னுதான் வந்திருக்குது. ஆனா எனக்குச் சேரோணும்ங்ப்பா."

"பூ இப்படி வந்ததுக்கப்பறமுமா?"

"ஆமாங்ப்பா. நாளைக்குத் தப்பாப் போனா நான்தான் பொறுப்பு. பூமேல பழி போட மாட்டேன்."

இந்தப் பிள்ளை இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை என்று அத்தை பூக்காரப் பெண்மணியிடம் தணிந்த குரலில் சொன்னார். அப்பா அம்மனை நெடுநேரம் கும்பிட்டார். பூசாரி எல்லாருக்கும் பொதுவாகத் திருநீறு கொடுத்தார். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொள்ளும்போதுதான் அப்பா வாய் திறந்தார்.

"இதைய ஊர்லயே சொல்லீருந்தா நேரா ஆபீசுக்கே போயிருக்கலாமல்லொ." சிறிது தூரம் நடந்த பின், "பெரியப்பனுக்கு நீதான் சொல்லோணும்" என்றார்.

பகல் 12.20. சேர்க்கை முடிந்தது. பல்கலைக்கழக வாசலிலிருந்த எஸ்.டி.டி. கடையிலிருந்து கோபிக்குப் பேசினேன். பெரியப்பா நலம் விசாரிக்கவில்லை. என்ன பூ வந்தது என்றுதான் கேட்டார்.

"சிவப்புங்க பெரியப்பா. நான் சேர்ந்துட்டேன்."

ஒரு வாக்கியம் அல்ல, இரண்டு வாக்கியங்கள்; இரண்டையும் முழுதாகச் சொன்னேன். ஃபோனை அப்பனிடம் கொடு என்றார் பெரியப்பா. அப்பா வாங்கி, "ஆமாங்ணா... ஆமாங்ணா" என்று பலமுறை சொன்னார். முடிவில், "புள்ளைக்குப் புடிச்சிருக்குதுங்ணா" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். பதினெட்டு ரூபாய் ஆயிற்று. அப்பா சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

பிற்பகல் 2.30. மைசூர் பேருந்து நிலையம். பயணம் போனவர் ஊர் திரும்புவதைச் சொல்லித்தான் இத்தகைய கட்டுரைகள் முடியும். இங்கே திரும்பியவர் அப்பா. என் மற்றத் துணிகளை அடுத்த வாரம் கொடுத்தனுப்புவதாகச் சொல்லி ஏறினார். நான் சன்னலருகே தரையில் நின்றேன். கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. தோள் துண்டை விரித்து இரண்டு இருக்கைகளை மூடுவார். அன்றும் அப்படியே விரித்துவிட்டு அமர்ந்தார். குழந்தையோடு வந்த ஒரு பெண், யாராவது வருகிறார்களா என்று கன்னடத்தில் கேட்டார்.

அப்பா துண்டைப் பார்த்தார். சன்னல் வழியே என்னைப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, தமிழிலேயே சொன்னார்:

"இல்லீங்க, யாரும் வரலீங்க. உக்காருங்க."